கிழிசலை மேலே வை

திண்டுக்கல்லில் விமானம் இறங்காது. மதுரைக்குப் போய்த்தான் ஏறவேண்டும். ஆனால், போன பக்ரீத்துக்கு மறுநாள் பேகம்பூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் விமானம் வாங்குவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். சாதாரண விமானம் இல்லை. பெரிய முதலாளிகள் சொந்தமாக வைத்துக்கொள்கிற, உள்ளே நிமிர்ந்து நடக்கிற உயரமுள்ள, சோபா போட்ட ஜெட். அதுவும் செகண்ட் ஹேண்ட்!

வீடு ஒரு தோல் வியாபாரியுடையது. வயது 78. ஊருக்கெல்லாம் அவர் பாய், எனக்கும் பாய். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரிய பள்ளிவாசல். 1755-ல் திண்டுக்கல் சீமைக்கு அதிகாரியாக வந்த ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் இடம். அந்த பேகத்தால்தான் ஊர் பேகம்பூர் ஆனது. பிற்பாடு தோல் ஷாப்புகளாலும் பேர் வாங்கியது. கூடவே வாசனையும் வந்தது.

விமானப் பேச்சைத் தொடங்கியவன் பாயின் மகள் வயிற்றுப் பேரன். துபாயில், பழைய விமானங்களை வாங்கி விற்றுக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பண்டிகைக்கு லீவில் வந்திருந்தான்.

''பழைய விமானத்தை எவன் வாங்குவான்?'' என்றேன்.

''புதுசுக்குக் காசில்லாத பணக்காரங்க சார்'' என்றான்.

உதாரணத்துக்கு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 என்ற விமானத்தை எடுத்துக்கொண்டான். 1985-ல் முதன்முதலாகப் பறந்த மாடல். பன்னிரண்டு, பதினாலு பேர் சாய்ந்து உட்கார்ந்து துபாயிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போகலாம். புதுசாக இருந்தபோது 2 கோடி டாலருக்கு மேல் போன சரக்கு. 30 வயதான ஒன்று இன்றைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும்.

''அடேயப்பா, கொள்ளை மலிவு!'' என்று வாயைப் பிளந்தேன்.

''அங்கேதான் சார் எல்லாரும் விழறாங்க. விலைதான் குறைஞ்சிருக்கு, செலவு குறையலையே! மணிக்கு 1,700 லிட்டர் எண்ணெய் குடிக்கும். புதுசா இருந்தப்பவும் அதேதான், கிழடானப்பவும் அதேதான். ஒரு இன்ஜினைப் பிரிச்சு மாட்ட 10 லட்சம் டாலருக்கு மேல ஆகும். இன்ஜின் ரெண்டு. ரெண்டும் ஒரே வருஷம் தவணைக்கு வந்துச்சுன்னா, விமானம் வாங்கின காசைவிட இன்ஜின் வேலைக்குக் கூடுதலாப் போயிடும்.''

பாய் சிரித்தார். ''யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. இது என்ன, இருந்தா செலவு, செத்தாத்தான் பொன்னு போல!''

''அதுவும் நெசம்தான் நன்னா'' என்றான் பேரன். பறக்க லாயக்கானதாக விற்பதைவிட, பிரித்துப் போட்டு இன்ஜின், சக்கரம், கருவி என்று தனித்தனியாக விற்றால் அதிகம் கிடைக்கிற விமானங்கள் உண்டாம்.

எப்படிப் பார்த்து வாங்குவார்கள் என்று கேட்டேன். முதலில் விமானத்தையே பார்க்கமாட்டார்களாம். லாக் புக்கைத்தான் பார்ப்பார்களாம். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தரம் இறங்கியது, எந்தத் திருகாணியை எந்தத் தேதியில் யார் மாற்றினார் என்று எல்லாம் கையெழுத்தோடு இருக்கவேண்டும். நடுவில் சில வருஷத்துக் காகிதம் காணோம் என்றால் விலை மளமளவென்று சரியும். ஆர்.சி. புக் இல்லாத டூவீலர் கதைதான்.

அப்புறம் விமானத்தை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பார்கள். இத்தனை நாள் அதைப் பராமரித்துவந்த பட்டறையாக அது இருக்கக்கூடாது. செலவு வாங்குகிறவருடையது. இன்ஜினுக்குள் டாக்டர் எண்டோஸ்கோப்பி பண்ணுகிற மாதிரி குழாய் கேமரா விடுவார்கள். முக்கியமாக, சமையல் மேடைக்கும் டாய்லெட்டுக்கும் அடியில் தரையைப் பெயர்த்துப் பார்ப்பார்கள். இருபது, முப்பது வருஷமாகச் சிந்திய காபியும் தண்ணீரும் இறங்கி உலோகத்தை அரித்திருக்கும்.

''மேல இத்தாலித் தோல் சீட்டு, அடியில அரிப்பு. எங்க தொழில் மாதிரியேதான் இருக்கு'' என்றார் பாய். ''ஆட்டுத்தோலை மேல் பக்கம் மட்டும் பார்த்து வாங்கினவன் கெட்டான். திருப்பி, சதைப்பக்கம் பார்க்கணும். உரிக்கிறப்போ கத்தி பட்ட வெட்டு அங்கேதான் தெரியும்.''

இது போதாதென்று சட்டமும் ஒரு நாள் வந்து நிற்கும். சத்தம் அதிகம் போடுகிற பழைய ரகச் சிறு ஜெட்டுகள் 2015-ஓடு அமெரிக்க வானத்தில் பறக்கக்கூடாது என்று ஆனது. தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கிற ஒரு கருவி, 2020 ஜனவரியிலிருந்து அங்கே பெரும்பாலான வான்பகுதிகளில் கட்டாயம். நம் டி.ஜி.சி.ஏ.வும் பழைய விமானங்களை இறக்குமதி செய்ய வரம்பு வைத்திருக்கிறது. நேற்றுவரை பறந்தது இன்றைக்குப் பறக்கலாமா என்பதை விமானம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

நான் பி.காம். படித்தவன். ஒரு பொருளுக்கு அடக்கவிலை, புத்தக மதிப்பு, சந்தை மதிப்பு, கழிவு மதிப்பு என்று நாலு விலை உண்டு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த நாலும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்த கதை மும்பையில் நடந்தது.

விஜய் மல்லையாவின் சொந்த விமானம். ஏர்பஸ் 319. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போகிற ரகத்தை சுமார் 25 பேருக்கான மாளிகையாக மாற்றியது. பதிவெண்ணிலேயே அவர் பெயரின் எழுத்துகள்: விடி-விஜேஎம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். சேவை வரி பாக்கிக்காக 2013-ல் இந்த விமானத்தை வரித்துறை பிடித்தது. மும்பை விமான நிலையத்தில் மழையும் கடல்காற்றும் குடித்தபடி நின்றது. 2016-ல் ஏலம் போட்டார்கள். அரசு எதிர்பார்த்த விலை 152 கோடி. வந்த கேட்பு 1 கோடியே 9 லட்சம்! கடைசியில் 2018-ல், அமெரிக்கக் கம்பெனி ஒன்று 34.8 கோடிக்கு எடுத்தது.

152 கோடி என்று நினைத்தவர்களும் முட்டாள்கள் இல்லை, 1 கோடி கேட்டவரும் பைத்தியம் இல்லை. ஒருவர் விமானத்துக்கு விலை போட்டார். இன்னொருவர் தனக்குத் தெரியாததற்கெல்லாம் சேர்த்து விலையைக் கழித்தார். அவ்வளவுதான்.

இதுவரை பேச்சு ஜாலியாகத்தான் போனது. பேரன் டீயைக் கீழே வைத்தான்.

''சார், நீங்க பத்திரிகைக்காரர். ஒண்ணு கேட்கணும்.''

அவன் கையில் இப்போது ஒரு விமானம் விற்பனைக்கு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் அது தரையில் பலமாக மோதி இறங்கியிருக்கிறது. இறக்கை சேர்கிற இடத்தில் அடி. முறையான பட்டறையில் முறையாகச் சரிசெய்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஒழுங்காகப் பறந்திருக்கிறது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஆனால், நாற்பது பெட்டிக் காகிதத்தில் ஒரு பெட்டியில், ஒரு ஃபைலில், ஒரு பக்கத்தில். கம்பெனி அச்சடித்த விளம்பரத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலதிகாரி சொன்னது: ''நாம எதையும் மறைக்கலை. நாற்பது பெட்டியையும் கொடுக்கப்போறோம். படிச்சுப் பார்த்துக்கட்டும்.''

வாங்கப்போகிறவருக்கு இதுதான் முதல் விமானம். அவசரத்தில் இருக்கிறார். பரிசோதனையைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லிவிட்டார். இவனைத் தம்பி என்று கூப்பிடுகிறார். ''அவர் அடி பட்டுதான்னு கேட்கலை சார். கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். கேட்காதப்போ நானாப் போய்ச் சொல்லணுமா? சொன்னா விலை சரியும். கமிஷன் போகும். வேலையும் போகலாம்.''

எனக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பு ஞாபகம் வந்தது. வாங்குகிறவனே ஜாக்கிரதை என்பது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. அதற்கும் முந்தையது 1872-ன் ஒப்பந்தச் சட்டம். அதன் 17-வது பிரிவில், மௌனம் மட்டுமே மோசடி ஆகாது என்று இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதற்கு ஒரு குதிரைக் கதை சொல்கிறார்கள். ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி இல்லை. அடுத்த உதாரணம்தான் விசேஷம். வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால்? அப்போது சொல்லியாகவேண்டும். அந்த உறவே அவனுக்குக் கடமை ஆகிவிடுகிறது.

பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அப்போது உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது. சட்டமே ஒப்புக்கொள்கிறதே! மகளிடம் மறைக்கக்கூடாதது என்று ஒன்று இருக்குமானால், அதை ஊரானிடம் மறைப்பது குற்றமில்லை என்று சொல்லலாம். சரி என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சண்டை பழசு. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ, கடமைகளைப் பற்றி மகனுக்கு எழுதிய நூலில் இதை விசாரிக்கிறார். பஞ்சத்தில் தவிக்கிற ஒரு தீவுக்கு ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு விற்கணுமா, சொல்லாமல் நல்ல விலைக்குத் தள்ளணுமா? சட்டம் கேட்கிற குறையைச் சொன்னால் போதும் என்கிறார் ஒரு தத்துவஞானி. தெரிந்ததெல்லாம் சொல்லணும் என்கிறார் அவருடைய சீடர். சிசரோ சீடர் பக்கம்தான் சாய்கிறார்.

பொருளாதாரக்காரர்களும் விடவில்லை. 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது ஓட்டை வண்டி என்று விற்பவனுக்குத்தான் தெரியும். வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறான். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரன் சந்தையைவிட்டே போய்விடுகிறான். மிச்சம் இருப்பது ஓட்டை வண்டிதான். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா?

2009-ல் என் பழைய ஸ்கூட்டரை விற்றேன். தெருமுனையில் அயர்ன் வண்டி போட்டிருப்பவர் கேட்டார். முன்பக்கம் ஒரு இடத்தில் பாடி விரிசல் விட்டு, வெல்டு வைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தது. அவர் கேட்டது மைலேஜ் மட்டும்தான். சொன்னேன். வெல்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 9,000 ரூபாய்க்குப் போனது. சொல்லியிருந்தால் 7,000 தேறியிருக்கும்.

மூன்று மாதத்தில் வெல்டு விட்டுப்போனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முன்பு என்னைப் பார்த்தால் அயர்ன் பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டு, ''வணக்கம் சார்'' என்பார். அது நின்றுபோனது. துணியை வாங்கித் தேய்த்துக் கொடுப்பார். காசு வாங்கிக்கொள்வார். வணக்கம் மட்டும் இல்லை. 2,000 ரூபாய்க்கு நான் விற்றது அதைத்தான்.

இதைத் திண்ணையில் சொன்னேன். பேரன் தலை குனிந்திருந்தான். பாய் மெதுவாகப் பேசினார்.

''எனக்குப் பத்தொன்பது வயசு. அத்தாவோட மண்டியில நான்தான் தோலைக் கட்டுக் கட்டுவேன். மெட்ராஸ் பெரியமேட்டிலேர்ந்து ஒருத்தர் வாங்க வந்தார். நல்ல தோலா மேல அடுக்கி, கிழிசல், அம்மைத் தழும்பு விழுந்ததையெல்லாம் நடுவுல செருகி வெச்சிருந்தேன். அத்தா வந்தார். அந்த ஆள் முன்னாடியே கட்டைப் பிரிச்சார். கிழிசலை உருவி என் கையில கொடுத்து, 'மேல வை'ன்னார். நபிகள் நாயகம் கடைத்தெருவுல தானியக் குவியலுக்குள்ள கையை விட்டப்போ உள்ளே ஈரமா இருந்துச்சாம். மழையில நனைஞ்சுதுன்னான் வியாபாரி. அப்போ நனைஞ்சதை எல்லாரும் பார்க்கிற மாதிரி மேல வெக்கவேண்டியதுதானேன்னு கேட்டாங்களாம். அத்தா அந்தக் கதையை அன்னிக்குச் சொன்னார். அந்தக் கட்டு நஷ்டத்துக்குத்தான் போச்சு. ஆனா, அடுத்த வருஷத்துலேர்ந்து அந்தப் பெரியமேட்டுக்காரர் கட்டைப் பிரிக்காமலே வாங்கினார்.''

எனக்குள் இருக்கிற பி.காம். விழித்துக்கொண்டது. ''அப்ப அதுவும் ஒரு முதலீடுதானே பாய்? இன்னிக்கு நஷ்டப்பட்டு நாளைக்கு லாபம்!''

''அவர் திரும்பி வராமலே போயிருந்தாலும் அத்தா மேலதான் வெச்சிருப்பார் தம்பி. வந்தார்ங்கிறது அல்லாவோட கணக்கு. எங்க கணக்கு இல்லை.''

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாய் அத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல நீதிக்கதையாக முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

''ஆனா ஒண்ணு. தோல்ல இருந்த கிழிசலைத்தான் மேல வெச்சோம். தண்ணியில விட்டதை வெக்கலையே! ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணின காலம் போயி, உப்பும் மருந்துமா வந்துச்சு. எல்லாம் ஓடையில போச்சு. சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் கெட்டுச்சு. அந்தக் கிணத்துக்காரங்க எங்ககிட்ட தோல் வாங்க வந்தவங்க இல்லை. எங்ககிட்ட எதுவும் கேட்கலை. நாங்களும் சொல்லலை. கோர்ட்டுதான் கேட்டுச்சு.''

அவர் சொன்னது 1996-ம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு. வேலூர்ப் பக்கத்தோடு, திண்டுக்கல் தோல் ஷாப்புகளும் அதில் வந்தன. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

நான் அதுவரை யோசிக்காத இடம் அதுதான். விற்பவன், வாங்குபவன் என்று இரண்டு பேரை வைத்தே நாம் நியாயம் பேசுகிறோம். அயர்ன்காரர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விமானம் வாங்குபவர் நாற்பது பெட்டியைப் படித்திருக்கலாம், படிக்கவில்லை. சரி, அவர்கள் ஏமாளிகள் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போன அயர்ன்காரரின் மகள்? அவள் என்னிடம் கேட்டிருக்க முடியுமா? கேட்க இடமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் எல்லா வியாபாரத்திலும் இருக்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர். விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொள்கிறவர்.

2014 மே 31 இரவு, அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஓடுபாதையிலேயே எழும்பாமல் போய் ஓடையில் விழுந்து எரிந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடுகிற பூட்டை எடுக்காமலே கிளம்பியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் இறக்கை, வால் எல்லாம் அசைகிறதா என்று ஒரு தரம் முழுசாக அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரித்தபோது ஒன்று வெளியே வந்தது. அதே விமானிகள் அதற்கு முந்தைய 175 பயணங்களில் 98 சதவிகிதம் அந்தச் சோதனையை முழுசாகச் செய்யவே இல்லை! பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? 'அசைச்சுப் பார்த்தீங்களா' என்று எந்தப் பயணி கேட்பார்?

சொல்லாமல் விடுவதும் அப்படித்தான் பழக்கமாகிறது. முதல் தரம் நெஞ்சு உறுத்தும். ஒன்றும் ஆகவில்லை என்றதும் இரண்டாம் தரம் உறுத்தாது. 174-வது தரம் அது நம் தொழில்முறை ஆகிவிடும்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மைதான். 'எனக்கு அவசரமாகப் பணம் வேண்டும், இன்னும் பத்தாயிரம் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்' என்று எந்த வியாபாரியும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டாம். அது அவன் நிலைமை. பொருளில் இருக்கிற கிழிசல் இல்லை. பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியாதது, தெரிந்தால் அவர் வேறு விலை கேட்பார் அல்லது மகளை அதில் ஏற்றமாட்டார் என்பது எதுவோ, அது கிழிசல். நாற்பது பெட்டிக்குள் இருந்தாலும் கிழிசல்தான். பெட்டியைக் கொடுப்பதும் சொல்வதும் ஒன்றில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகப்போவது அவனுக்கு, எனக்கில்லை. அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால், அப்படித்தான் என்னைப் பார்த்தான். அடுத்த வாரம் துபாய்க்குப் போய்விட்டான். விமானம் விற்றதா, அந்த ஒரு வரியை விளம்பரத் தாளில் சேர்த்தானா என்று எனக்குத் தெரியாது. பாயிடம் விசாரிக்கலாம். விசாரிக்கவில்லை. அவனுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதையை முதலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

அயர்ன்காரர் இப்போதும் அதே தெருமுனையில்தான் இருக்கிறார். 2009-லிருந்து இன்றுவரை அவர் கேட்கவே இல்லை. இந்த இதழ் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தைத் திறந்து, நடுவில் 2,000 ரூபாயை வைத்து, அவர் கையில் கொடுக்கப்போகிறேன். வாங்கிக்கொள்வாரா, முகத்தில் எறிவாரா தெரியாது. அது அவர் கணக்கு.

கிழிசலை மேலே வைத்துவிட்டேன்.